எஃப் டிரைவ், நாலு ஜிபி

சர்வீஸ் தொழிலுக்கு வந்து இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு கஸ்டமரின் டேட்டாவைத்தான் நான் என் கையாலேயே அழித்திருக்கிறேன். அதுவும் எப்படி? அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அழிக்கப்போகிறேன் என்று சத்தமாகச் சொல்லி, அவரும் காது கொடுத்துக் கேட்டு, அதற்குப் பிறகு அழித்தேன். இன்று இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு ஈரக்குலை நடுங்கிப்போனது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த டூல் நல்லது, எந்த செட்டிங் வைப்பது என்றுதான். டூல் இன்றைக்கு ஒன்று வரும், நாளைக்கு ஒன்று வரும். அதை நீங்களே கற்றுக்கொள்வீர்கள். டூலைத் தப்பாக அமுக்கிவிட்ட பிறகு என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. அதனால் கேட்காமலே எழுதுகிறேன்.

1. மாவு பாக்கெட்டும் இட்லிப் பானையும்

என் பெயர் யசோதரை. அப்பா ஆசையாக வைத்த பெயர். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அவ்வளவு நீளமாகக் கூப்பிட யாருக்கும் பொறுமை இல்லை, அதனால் யசோ ஆனேன். டிப்ளமோவும் அதற்கு மேல் ஒரு ஹார்டுவேர் கோர்ஸும் முடித்துவிட்டு, திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஓனரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவர். கடையின் முன்பக்கம் ஸ்டேஷனரியும் ஜெராக்ஸும். பின்பக்கம் ஒரு பெஞ்ச், ஒரு பழைய பென்டியம் ஃபோர், ஸ்க்ரூ டிரைவர் டப்பா, நான். அவ்வளவுதான் சர்வீஸ் சென்டர்.

2008 வாக்கில் நெட்புக் என்று ஒன்று வர ஆரம்பித்தது. பள்ளிக்கூட ஸ்லேட்டு அளவுக்கு ஒரு குட்டி லேப்டாப். சிடி டிரைவ் கிடையாது. அதுவரை எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: சிடியைப் போடு, அதிலிருந்து மெஷினை எழுப்பு, அதாவது பூட் பண்ணு. சிடி போட வாயே இல்லாத மெஷினை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

பென் டிரைவில் பூட் பண்ணலாம் என்று ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் படித்தேன். பத்திரிகையோடு கொடுத்த டிவிடியில் ஒரு லைவ் லினக்ஸ் ஐஎஸ்ஓ ஃபைலும் இருந்தது. லைவ் என்றால், மெஷினில் எதையும் இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும். விண்டோஸ் படுத்துவிட்டாலும் உள்ளே இருக்கும் ஃபைல்களை வெளியே எடுத்துவிடலாம். அடடா, இதுதானே நமக்கு வேண்டும் என்று அந்த ஐஎஸ்ஓவை அப்படியே பென் டிரைவுக்கு காப்பி பண்ணினேன். மெஷினில் குத்தினேன். பூட் ஆகவில்லை. எடுத்துவிட்டு மறுபடி குத்தினேன். வேறு போர்ட்டில் குத்தினேன். ஒரு மத்தியானம் முழுக்க இதே வேலை.

அண்ணாச்சி முன்பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, காலையிலேர்ந்து அந்தக் குச்சிய குத்துத, எடுக்குத, குத்துத, எடுக்குத. தையல் மிசினா அது?"

விஷயம் இதுதான். ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு சிடியை ஒரே ஃபைலாக மூட்டை கட்டியது. மூட்டையை மூட்டையாகவே வைத்தால் மெஷினுக்கு அது இன்னொரு ஃபைல், அவ்வளவுதான். மாவு பாக்கெட்டைப் பிரிக்காமல் இட்லிப் பானையில் வைத்தால் இட்லி வருமா? மூட்டையைப் பிரித்து உள்ளே இருப்பதைப் பென் டிரைவில் பரப்பி, மெஷின் முதலில் எட்டிப் பார்க்கிற இடத்தில் இங்கிருந்து ஆரம்பி என்று சொல்கிற ஒரு சின்ன புரோகிராமையும் எழுத வேண்டும். அதற்கென்று டூல் இருக்கிறது. ஐஎஸ்ஓ எங்கே என்று காட்டு, எந்த டிரைவ் என்று காட்டு, பட்டனை அமுக்கு. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் எழுதுவதற்கு முன்பு அந்த டிரைவில் இருக்கும் எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

கடையில் இதற்கு ஒரு சட்டம் இருந்தது. எதையாவது அழிக்கிற மாதிரி வேலை என்றால், எந்த டிரைவ், என்ன அளவு, எல்லாம் போய்விடும் என்பதைக் கஸ்டமரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் வாயால் சரி என்ற பிறகுதான் பட்டன். சொல்லவே இல்லையே என்று ஒருத்தர் கடை வாசலில் நின்று ஊரைக் கூட்டிவிட்டுப் போன பிறகு அண்ணாச்சி போட்ட சட்டம் இது. ஒரு நாள்கூட நான் மீறியதில்லை. அன்றைக்கும் மீறவில்லை.

2. முப்பத்தெட்டுப் பேர்

2009. ஒரு புதன்கிழமை காலை, கடை திறந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கேரி பேக்கில் ஒரு நெட்புக்கோடு வந்தார்.

"இன்னாமா, இதுக்கு உசுரு குடுக்க முடியுமா?"

குரல் என்றால் அப்படி ஒரு குரல். ஜெராக்ஸ் எடுக்க நின்றிருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பெயர் தயாளன். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை யார்டில் சிக்னல்மேன். கிரேன் ஆபரேட்டர் மேலே உட்கார்ந்திருப்பார், இவர் கீழே நின்று ஏத்து, இறக்கு, நிறுத்து என்று கையைக் காட்டியும் குரல் கொடுத்தும் சொல்ல வேண்டும். இருபது வருஷம் அதையே செய்தால் குரல் அப்படித்தான் ஆகும்.

மெஷினை ஆன் செய்தேன். விண்டோஸ் லோகோ வந்தது, நீலத் திரை மின்னியது, தானாகவே ரீஸ்டார்ட் ஆனது. மறுபடி லோகோ, மறுபடி நீலம். சேஃப் மோடிலும் அதே கதை.

"உள்ளே என்னண்ணா இருக்கு? முக்கியமானதா?"

"முப்பத்தெட்டு பேரோட சோறு மா உள்ள கீது."

நெட்புக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டே சொன்னார். அவரையும் சேர்த்து அந்த யார்டில் முப்பத்தெட்டு ஒப்பந்தத் தொழிலாளிகள். பத்து வருஷம், பன்னிரண்டு வருஷம், அவர் இருபது வருஷம். கான்ட்ராக்டர் பெயர் மாறிக்கொண்டே இருக்கும், ஆட்கள் அதே ஆட்கள்தான். பெர்மனென்ட் செய்யச் சொல்லிக் கேட்டபோது, இவர்களெல்லாம் போன வருஷம் வந்தவர்கள் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அப்படி இல்லை என்று காட்ட இவர்களிடம் இருந்தது பழைய கேட் பாஸ்கள்தான். வருஷம், சீல், போட்டோ எல்லாம் அதில் இருக்கும். புது கான்ட்ராக்டர் வந்ததும் பழைய பாஸை வாங்கிக்கொண்டு புதுப் பாஸ் கொடுத்தார்கள்.

"குடுக்கறதுக்கு மின்னாடி ஒவ்வொரு பாஸையும் முன்ன பின்ன போட்டோ புட்ச்சி வச்சிட்டேன். நம்ம தோஸ்து ஒருத்தன் கேமரா குட்தான். வக்கீலம்மா இந்த மெஷினக் குட்து, இதுல ஏத்தி வைங்கன்னாங்க. ஏத்தி வச்சேன். இன்னிக்கு பேஜாரு பண்ணுது."

"எப்போ வேணும்?"

"இன்னிக்கு நாலு மணிக்குள்ள லேபர் ஆபீஸ்ல குட்க்கணும். ரெண்டு வாட்டி வாய்தா வாங்கியாச்சு. இனிமே தர மாட்டாங்க."

"வேற காப்பி இல்லையா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு நீல நிறப் பென் டிரைவை எடுத்தார். "தோ, இதுல இருபத்திரண்டு பேரோடது கீது. மீதி பதினாறு பேரு பிற்பாடுதான் பாஸ எட்த்துகினு வந்தாங்க. அது மெஷின்ல மட்டும்தான்."

"அப்படின்னா அந்த இருபத்திரண்டு பேரோடதையாவது இப்பவே பிரின்ட் எடுத்துடலாமே?"

"ஒண்ணும் நடக்கலன்னா கடசிக்கு அதான் மா. ஆனா அந்தப் பதினாறு பேரு மூஞ்சில நான் எப்டி முயிப்பேன்? மொதல்ல மெஷினப் பாரு."

பென் டிரைவை எங்கள் பென்டியம் ஃபோரில் செருகிப் பார்த்தேன். இருபத்திரண்டு ஃபோல்டர். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர். திறந்து பார்த்தேன், படங்கள் தெளிவாக இருந்தன. அப்போதே அந்த ஃபோல்டர்களை எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி போட்டிருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. போடவில்லை. ஏன் போடவில்லை என்று இத்தனை வருஷமாக என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். மெஷினைப் பார் என்றார், மெஷினைப் பார்க்கப் போனேன். அவ்வளவுதான்.

நெட்புக்கைத் திருப்பிப் பின் மூடியைக் கழற்றினேன். ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வேறு மெஷினில் மாட்டலாம் என்று நினைத்தேன். அந்த மாடலில் கழற்றுவதற்கு ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. சேமிக்கிற சிப்பைப் போர்டோடு ஒட்டியிருந்தார்கள். ஆக, மெஷினை எப்படியாவது எழுப்பித்தான் ஃபைலை எடுக்க வேண்டும். ஒரே வழி பூட் பென் டிரைவ்.

மணி பதினொன்று இருபத்தைந்து. பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை எங்கள் தெருவுக்குக் கரண்ட் கட். அப்போதெல்லாம் முறை வைத்து தினமும் ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள். அதற்குள் பென் டிரைவை எழுதி முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

3. அவர் திருப்பிச் சொன்னார்

கடை ஸ்டாக்கிலிருந்து புதுப் பென் டிரைவ் ஒன்றைப் பிரித்துச் செருகினேன். நாலு ஜிபி, நீல நிறம். தயாளண்ணாவின் பென் டிரைவும் நாலு ஜிபி, நீல நிறம். அதுவும் எங்கள் கடையில் வாங்கியதுதான். அதைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்காமலே அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

டூலைத் திறந்தேன். டிவிடியிலிருந்த ஐஎஸ்ஓவைக் காட்டினேன். எந்த டிரைவ் என்று கேட்டது. பட்டியலில் இரண்டு: எஃப், ஜி. இரண்டிலும் ரிமூவபிள் டிஸ்க் என்றுதான் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் நான் எந்தப் பென் டிரைவைச் செருகினாலும் எஃப் என்றுதான் வரும். தினமும் பார்த்துப் பழகியது. அதனால் எஃப்பைத் தேர்ந்தெடுத்தேன். அன்றைக்கு அவருடையது முதலில் செருகப்பட்டது, எஃப் அவருடையது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

கடைச் சட்டம் மறக்கவில்லை. தயாளண்ணா பெஞ்சுக்கு அந்தப் பக்கம் நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். "அண்ணா, எஃப் டிரைவ், நாலு ஜிபி. உள்ளே இருக்கிறது எல்லாம் அழிஞ்சிடும். போடலாம்" என்றேன்.

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எஃப் டிரைவ்! நாலு ஜிபி! உள்ள கீறது எல்லாம் அயிஞ்சிடும்! போடலாம்!"

யார்டே அதிர்கிற மாதிரி சொன்னார். இவ்வளவு தெளிவாக எந்தக் கஸ்டமரும் எனக்குச் சம்மதம் சொன்னதில்லை என்று நினைத்துக்கொண்டே பட்டனை அமுக்கினேன்.

அது சம்மதம் இல்லை. பிற்பாடுதான் எனக்கு விளங்கியது. கிரேன் வேலையில் ஒரு வழக்கம் உண்டாம். ஒருவர் என்ன சொல்கிறாரோ அதை மற்றவர் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். யார்டு சத்தத்தில் சொன்னது சரியாகக் காதில் விழுந்ததா என்று தெரிந்துகொள்ள அந்த ஏற்பாடு. சொன்னது சரியா தப்பா என்பது சொன்னவர் பொறுப்பு. திருப்பிச் சொல்கிறவர் அதற்குள் போகமாட்டார். அவருக்கு எஃப் எது, ஜி எது என்றே தெரியாது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தார். அதில் என்ன தப்பு? எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

பச்சைப் பட்டை ஓடி முடிந்தது. பதினொன்று நாற்பத்தெட்டு. நிம்மதியாக ஜியைத் திறந்தேன், அந்த இருபத்திரண்டு ஃபோல்டரை அப்போதாவது காப்பி எடுக்கலாம் என்று. காலியாக இருந்தது. எஃப்பைத் திறந்தேன். லினக்ஸ் ஃபைல்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

மேலிருந்து கீழே தேடினேன், ஒரு பெயர்கூட இல்லை.

4. அண்ணாச்சியின் யோசனை

எழுந்து முன்பக்கம் போனேன். அண்ணாச்சி காதோரம் குனிந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது.

"இப்பம் சொல்லாத. பதறவும் செய்யாத. ரெக்கவரி சாப்ட்வேர் இருக்குல்லா, அதப் போட்டு ஓட்டிப் பாரு. வந்துட்டுன்னா அவருக்குத் தெரியவே வேண்டாம். வரலன்னா பொறவு பாத்துக்கிடலாம்."

அண்ணாச்சி கெட்ட மனுஷர் இல்லை. கடைக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதே என்ற பயம் அவருக்கு. சொல்லப்போனால், அந்த யோசனை அவர் சொல்வதற்கு முன்பே எனக்கும் வந்துவிட்டது. யாருக்குத்தான் வராது?

ஆனால் அழிந்ததைத் தேடி எடுக்கிற அந்த ரெக்கவரி ஓட இரண்டு மணி நேரம் ஆகும். இன்னும் பத்து நிமிஷத்தில் கரண்ட் போய்விடும், யூபிஎஸ் இருபது நிமிஷம் தாங்கினால் பெரிய விஷயம். அப்படியே ஓடினாலும், எல்லாவற்றுக்கும் மேலே எழுதிவிட்ட பிறகு என்ன கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதைவிட முக்கியம், இப்போது பூட் ஆகக்கூடிய ஒரே பென் டிரைவ் அதுதான். ரகசியமாக ரெக்கவரி பார்க்க வேண்டுமென்றால் நெட்புக்கை ஓரமாக வைக்க வேண்டும். நேரத்தையெல்லாம் என் தப்பை மறைப்பதில் செலவழித்துவிட்டால் அந்தப் பதினாறு பேரின் பாஸை எப்போது எடுப்பது? எதை முதலில் செய்வது என்று தீர்மானிக்க வேண்டியவர் அவர். அவருக்கு உண்மை தெரியாமல் எப்படித் தீர்மானிப்பார்?

திரும்பிப் போனேன். உட்காராமல் நின்றபடியே சொன்னேன்.

"அண்ணா, உங்க பென் டிரைவை அழிச்சிட்டேன். என்னோடதுன்னு நினைச்சு உங்களோடதுல எழுதிட்டேன். இருபத்திரண்டு பேரோடதும் போயிடுச்சு. தப்பு என்னோடது."

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது.

"இன்னாமா சொல்ற? அயிச்சிட்டியா? நீ படிச்ச பொண்ணுதான? வெளிய காப்பின்னு கீறதே அது ஒண்ணுதான்! நான் போயி அவங்களாண்ட இன்னான்னு சொல்லுவேன்? ஒரு பொண்ணு டீ வாங்கிக் குட்து மொத்தத்தையும் அயிச்சிட்ச்சுன்னா?"

இன்னும் என்னென்னவோ சொன்னார். எல்லாவற்றையும் எழுத முடியாது. நியாயமான திட்டு. வாங்கிக்கொண்டேன். பிறகு விறுவிறுவென்று ரோட்டுக்குப் போய்விட்டார். கன்டெய்னர் லாரிகள் போகிற புழுதியில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. கடை இருட்டாகிவிட்டது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ஐந்து நிமிஷம் இருக்கும். உள்ளே வந்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். சாய்ந்த ஸ்டூலை நிமிர்த்திப் போட்டார்.

"போனது போவட்டும். இப்ப கையில இன்னா கீது? அத்த மட்டும் சொல்லு."

"உங்க பென் டிரைவ் இப்ப பூட் பென் டிரைவ் ஆயிடுச்சு. இதைப் போட்டா நெட்புக் எழுந்துக்கும். உள்ளே படம் கெடாம இருந்தா முப்பத்தெட்டும் கிடைக்கும்."

"எய்ந்துக்குமா?"

"தெரியலண்ணா. எழுந்துக்கணும்."

"அப்ப போடு. அய்துகினு நிக்காத."

5. நாற்பத்தொரு சதவீதம்

நெட்புக்கின் பேட்டரியில் நாற்பத்தொரு சதவீதம் இருந்தது. வாசல் வெளிச்சத்துக்காக அதைத் தூக்கிக்கொண்டு ஜெராக்ஸ் மேஜைக்கு வந்தோம். பென் டிரைவைச் செருகி ஆன் செய்தேன். மறுபடியும் அதே விண்டோஸ் லோகோ, அதே நீலம்.

மெஷின் எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று சொல்லி வைக்கிற பயாஸ் செட்டிங்குக்குள் போனேன். பூட் வரிசையில் ரிமூவபிள் டிவைஸ் முதலிடத்தில்தான் இருந்தது. பிறகு ஏன் எடுக்கவில்லை? ஐந்து நிமிஷம் தடவிய பிறகுதான் கண்ணில் பட்டது. அந்த மெஷின் பென் டிரைவை ரிமூவபிள் என்று கருதவில்லை. ஹார்ட் டிஸ்க் என்று ஒரு தனிப் பட்டியல் வைத்திருந்தது, அதற்குள்ளே இரண்டாவதாக உட்கார்த்தி வைத்திருந்தது. அதை மேலே ஏற்றினேன். இதை எந்தப் பத்திரிகையிலும் போடவில்லை. நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள், பழைய மெஷின்களில் இன்னும் இப்படித்தான்.

சேவ் செய்யச் சொல்லிக் கேட்டது. விரலைத் திரையில் வைத்து, "அண்ணா, இங்கே பாருங்க" என்றேன். அவர் வாயைத் திறந்தார். "திருப்பிச் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். தப்பா பட்டா தடுங்க."

அப்போதுதான் அவர் அந்த யார்டு வழக்கத்தை எனக்கு விளக்கினார். "நீ சொன்னது காதுல வியிந்துச்சுன்னு சொன்னேன் மா. அயிக்கச் சொல்லி நான் எங்க சொன்னேன்?" கோபமாகத்தான் சொன்னார், ஆனால் கடைசியில் அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

ரீஸ்டார்ட். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின. "இன்னாமா இது, மாரியாத்தா மேல வந்தாப்ல ஆடுது" என்றார். ஓடி நின்றது. ஒரு நொடி ஒன்றுமே இல்லை. பிறகு நீல வானம் போட்ட டெஸ்க்டாப் வந்தது.

உள் சிப்பைத் திறந்தால், விண்டோஸ் ஒழுங்காக மூடப்படவில்லை, திறக்க முடியாது என்று ஒரு செய்தி. கட்டாயப்படுத்தித் திறக்கலாம். ஆனால் எழுத விட்டால் இருப்பதும் கெட்டுப்போகலாம். படிக்க மட்டும், எழுதக் கூடாது என்று சொல்லித் திறக்கிற கமாண்ட் அந்தப் பத்திரிகையில் இருந்தது. அண்ணாச்சி பத்திரிகையை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு எழுத்து எழுத்தாக வாசித்தார், நான் அடித்தேன். ஒரு தடவை ஒரு ஸ்பேஸ் விட்டுப்போய்த் தப்பாகிவிட்டது. இரண்டாவது தடவை ஃபோல்டர் திறந்தது.

கேட் பாஸ் என்ற ஃபோல்டர். அதற்குள் வரிசையாகப் பெயர்கள். தயாளண்ணா திரையைத் தொடாமல் விரலை ஒவ்வொன்றின் மேலும் நகர்த்திக்கொண்டு வாசித்தார். அஞ்சலை, அந்தோணி, ஆறுமுகம், பாஷா. அவ்வளவு பெரிய குரல் போகப்போகச் சின்னதாகிவிட்டது. முப்பத்தெட்டாவது பெயரை வாசிக்கும்போது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"எல்லாம் கீது" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன், என் கண்ணும் அப்படித்தான் இருந்தது.

என் பென் டிரைவைச் செருகி முப்பத்தெட்டையும் காப்பி செய்தேன். முடிந்தபோது பேட்டரியில் பதினான்கு சதவீதம். ஒரு மணிக்குக் கரண்ட் வந்ததும் முதல் வேலையாகக் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி, சிடியில் ஒரு காப்பி. பிறகு ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிரின்ட். அண்ணாச்சி சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் பிரின்டர் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு தாளையும் எடுத்து அடுக்கினார். இரண்டேகாலுக்குத் தயாளண்ணா ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு ஓடினார்.

மூன்றரைக்கு மேல் கடை போன் அடித்தது. அண்ணாச்சி எடுத்தார், எடுத்த வேகத்தில் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். பின்பக்கம் இருந்த எனக்கே கேட்டது.

"வாங்கிக்கினாங்க! சீலு குத்திட்டாங்க!"

6. இப்போது நான் செய்வது

பூட் பென் டிரைவ் எழுதும்போது இன்றுவரை நான் மாற்றாத நாலு பழக்கம் அன்றைக்கு வந்தவை. கஸ்டமரின் டிரைவ் கைக்கு வந்ததும் முதலில் காப்பி, அப்புறம்தான் பேச்சு. எழுதப்போகும் டிரைவைத் தவிர வேறு எதுவும் மெஷினில் இருக்கக் கூடாது. அந்த டிரைவுக்கு எழுதுவதற்கு முன்பே ஒரு பெயர் வைத்துவிட வேண்டும், எஃப் ஜி என்ற எழுத்தை நம்பக் கூடாது. சம்மதத்தை வாயால் கேட்டால் போதாது, திரையைக் காட்டி, டிரைவைக் கையில் கொடுத்து, இது உங்களுடையதா என்று கேட்க வேண்டும்.

இதெல்லாம் தொழில் பாடம். எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தருவார்கள். தப்புச் செய்தால் செய்த நிமிஷமே சொல்லிவிட வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. அன்றைக்குச் சொன்னதால் அவர் என்னைத் திட்டினார், உண்மைதான். சொல்லாமல் இருந்திருந்தால் மணி நாலாகும்வரை நான் அந்தப் பென் டிரைவைத்தான் தடவிக்கொண்டிருந்திருப்பேன்.

லேபர் ஆபீசில் விஷயம் உடனே முடியவில்லை. இழுத்தது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொரு பேரைப் பெர்மனென்ட் ஆக்க ஒப்பந்தம் கையெழுத்தானது. மீதிப் பேரில் சிலர் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், சிலருக்கு வயது தாண்டிவிட்டது. முழு வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முப்பத்தொரு வீட்டில் அன்றைக்குக் கறிச்சோறு.

அதற்குள் எங்கள் கடையில் ஸ்கேனிங்கும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் ஆரம்பித்திருந்தோம். ஒரு சனிக்கிழமை காலை தயாளண்ணா தன்னோடு பெர்மனென்ட் ஆன மற்ற முப்பது பேரையும் கூட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் வரிசையாக நிறுத்தினார். புது ஐடி கார்டுக்கு எல்லாருக்கும் போட்டோ வேண்டும், சர்டிபிகேட் எல்லாம் ஸ்கேன் செய்ய வேண்டும். தேரடித் தெருவே எங்கள் கடையை வேடிக்கை பார்த்தது. அண்ணாச்சி எல்லாருக்கும் டீ சொன்னார்.

வரிசையில் முதலில் நின்றது அஞ்சலை அக்கா. யார்டில் ஹெல்பர். பிளாஸ்டிக் கவரில் ரேஷன் கார்டு, பள்ளிக்கூட சர்டிபிகேட், எல்லாம் ஒரிஜினல். நான் கையை நீட்டினேன். அவர் கவரை மார்போடு பிடித்துக்கொண்டு தயாளண்ணாவைத் திரும்பிப் பார்த்தார்.

"யோவ், இங்க குட்க்கலாமா? பத்திரமா பாத்துக்குவாங்களா?"

"இந்தப் பொண்ணுதான் அன்னிக்கு என் பென் டிரைவ மொத்தமா அயிச்சிட்ச்சு" என்றார் தயாளண்ணா, தெருவுக்கே கேட்கிற மாதிரி.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அஞ்சலை அக்காவின் கை இன்னும் இறுகியது. "அடப்பாவி மனுசா! அப்ப இன்னாத்துக்கு எங்கள இங்க இட்டாந்த?"

"அயிச்சத அதுவே வந்து என் மூஞ்சிக்கு நேரா சொல்ச்சு. அதான் இட்டாந்தேன். குடு."

அஞ்சலை அக்கா என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு கவரை என்னிடம் நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.